சாவி யார் கையில்? – கேம் மாஸ்டர்களின் கதை

பேங்கில் சேர்ந்த முதல் மாதமே மண்டையில் ஏற்றிவிடுகிற பாடம் இரண்டு. ஒன்று, ஸ்ட்ராங் ரூம் சாவி ஒரே ஆள் கையில் இருக்கக்கூடாது. இரண்டு ஆபீசர், இரண்டு சாவி. ஜாயின்ட் கஸ்டடி என்பார்கள். இரண்டாவது, உன் சொந்தக் கணக்கில் நீயே என்ட்ரி போட்டு நீயே பாஸ் பண்ணக்கூடாது. பத்து ரூபாயாக இருந்தாலும் சரிதான். போடுகிறவர் மேக்கர், பார்த்து விடுகிறவர் செக்கர்.

சரி, இதுக்கும் இணைய விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு வேடம் கட்டி உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த ரோல்பிளே உலகங்களை நடத்துகிறவர்களுக்குக் கேம் மாஸ்டர் என்று பெயர். சுருக்கமாக ஜி.எம். சில இடத்தில் அட்மின், சில இடத்தில் விசார்ட், அதாவது மந்திரவாதி. இவர்களுடைய கதையைத் தேடிப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நாற்பது வருஷத்துக்கும் மேலாக இவர்கள் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டதும் பேங்கில் முதல் மாதம் சொல்லித்தருகிற அந்த இரண்டே பாடம்தான்.

விளையாடிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வரி விளக்கம். ஜி.எம். கண்ணுக்குத் தெரியாமல் நிற்கலாம். சுவரைத் தாண்டிப் போகலாம். இரண்டு பேர் ரகசியமாகப் பேசுவதைப் படிக்கலாம். இல்லாத பொருளை உண்டாக்கலாம், இருப்பதை அழிக்கலாம். உங்கள் வாயை மூடலாம், ஆளையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம். அந்த உலகத்துக்குள் கிட்டத்தட்ட கடவுள். வெளியே பார்த்தால் பெரும்பாலும் சம்பளமில்லாத இருபது வயசுப் பையன்!

ஆரம்பம் கம்ப்யூட்டரில் இல்லை, ராணுவத்தில். 1824-ல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டை வெளியிட்டார். வரைபடத்தின் மேல் இரண்டு அணி, நடுவில் ஒரு நடுவர். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நடுவருக்கு மட்டும் தெரியும். உன் படை நிற்கிற இடத்திலிருந்து எது கண்ணுக்குத் தெரியுமோ அதை மட்டும்தான் உனக்குச் சொல்வார். பகடை, அட்டவணை எல்லாம் உண்டு. 1876-ல் வெர்டி து வெர்நுவா என்ற தளபதி வந்து, அட்டவணையெல்லாம் எதற்கு, அனுபவமுள்ள நடுவர் சொன்னால் போதாதா என்றார். ரூல் புக்கா, மேனேஜரின் டிஸ்கிரீஷனா என்கிற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. அந்த நடுவர்தான் நூறு வருஷம் கழித்து, 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் மேஜையின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார்.

மேஜையைச் சுற்றி ஐந்தாறு நண்பர்கள் என்றால் பிரச்சினை இல்லை. நடுவர் ஓரவஞ்சனை பண்ணினால் அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள், அவ்வளவுதான். முகம் தெரியாத கூட்டம் வந்தபோதுதான் வம்பு.

1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்ற எழுத்து விளையாட்டை எழுதத் தொடங்கினார். பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் அதை எடுத்து நடத்தினார். படம் கிடையாது, எல்லாம் வாக்கியங்கள்தான். பல பேர் ஒரே நேரத்தில் உள்ளே உலாவலாம். இதில் போதுமான புள்ளி சேர்த்தால் நீங்கள் மந்திரவாதி. அதாவது நன்றாக ஆடியவனுக்கே நிர்வாக அதிகாரம் பரிசு. அந்தப் பரிசில் 'மரண விரல்' என்று ஒரு கட்டளையும் உண்டு. அதை ஏவினால் எதிராளியின் கேரக்டர் ஒரேயடியாக அழிந்துவிடும், பல மாத உழைப்போடு சேர்த்து. டெபாசிட் நிறையப் பிடித்த ஊழியரிடம் ஸ்ட்ராங் ரூம் சாவி இரண்டையும் தூக்கிக் கொடுத்த மாதிரி. சின்ன கூட்டம், ஒருவரை ஒருவர் தெரிந்த கூட்டம் என்பதால் ஓடியது என்று நினைக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை அடுத்து வருவது. 1986-ல் லூகாஸ்ஃபில்ம் கம்பெனிக்காகச் சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் என்ற இருவர் 'ஹாபிடாட்' என்ற உலகத்தைக் கட்டினார்கள். கமடோர் 64 கம்ப்யூட்டரில் ஓடியது. உள்ளே டோக்கன் என்ற நாணயம், கடை, அடகு இயந்திரம் எல்லாம் உண்டு. ஒரு கடையில் பொம்மை 75 டோக்கன். ஊரின் இன்னொரு கோடியில் அடகு இயந்திரம் அதே பொம்மைக்கு 100 கொடுத்தது. நம்மாட்கள் விடுவார்களா? ராத்திரியோடு ராத்திரியாக வாங்கி விற்று வாங்கி விற்று, அந்தக் காசைக் கொண்டு ஸ்படிக உருண்டை வாங்கினார்கள். அது வாங்கும் விலை 18,000, விற்கும் விலை 30,000! விடிந்து பார்த்தால் ஊரின் மொத்தப் பணப்புழக்கம் ஐந்து மடங்கு. பி.காம்.-மில் படித்த பணவீக்கப் பாடம் ஒரே ராத்திரியில்.

நிர்வாகிகள் அந்தப் பணத்தைப் பிடுங்கியிருக்கலாம். ஒரு கட்டளை போதும். பிடுங்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி வழியைத் தெரிந்துகொண்டு விலையை மட்டும் திருத்தினார்கள். திடீர்ப் பணக்காரர்கள் அந்தக் காசில் மற்றவர்களுக்குப் புதையல் வேட்டை நடத்தினார்கள்.

அதே ஹாபிடாட்டில் இன்னொரு கூத்து. நிர்வாகி ஒருவர் 'மரணம்' என்ற வேடத்தில், ஒரே வெடியில் ஆளைக் காலி பண்ணும் விசேஷத் துப்பாக்கியோடு சுற்றினார். கொஞ்சம் அசந்த நேரத்தில் ஆட்டக்காரர்கள் அவரையே சாய்த்துத் துப்பாக்கியை அமுக்கிவிட்டார்கள். அவருக்குக் கோபம். திருப்பிக் கொடுக்காவிட்டால் கணக்கையே துண்டித்துவிடுவேன் என்று மிரட்டினார். ஊரே சிரித்தது, கூடவே முகம் சுளித்தது. வேடத்தில் தோற்றுவிட்டு ஆபீசர் நாற்காலியில் ஏறி மிரட்டுவது என்ன நியாயம்? கூட இருந்த நிர்வாகிகளே அவரைக் கண்டித்தார்கள். பிறகு அதே 'மரணம்' வேடத்திலேயே பேரம் பேசி, 10,000 டோக்கன் பணயத் தொகைக்கு ஒப்புக்கொண்டார். நகரின் நடுவில் பொதுவான மூன்றாம் ஆள் ஒருவர் நின்று இந்தக் கையில் பணம், அந்தக் கையில் துப்பாக்கி என்று மாற்றிக் கொடுத்தார். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். எஸ்க்ரோ என்பதை எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் எனக்கு இவ்வளவு அழகாக விளக்கியதில்லை.

இனி கொஞ்சம் கனமான சமாச்சாரம். 1990-ல் பேவல் கர்டிஸ் என்பவர் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் 'லாம்டாமூ' என்ற எழுத்து உலகத்தைத் தொடங்கினார். ஜனம் பெருகப் பெருக மந்திரவாதிகளிடம் பஞ்சாயத்தும் பெருகியது. அவன் திட்டினான், இவள் என் அறையை எடுத்துக்கொண்டாள் என்று ஓயாத பிராது. சலித்துப்போன கர்டிஸ் 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு போட்டார். இனிமேல் நாங்கள் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் மட்டுமே, உங்கள் சமூகத் தகராறுகளில் தலையிட மாட்டோம், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சில மாதத்திலேயே சோதனை வந்தது. 1993-ல் 'மிஸ்டர் பங்கிள்' என்ற பெயரில் வந்த ஓர் ஆள், எல்லோரும் கூடியிருந்த அறையில், மற்றவர்களின் கேரக்டர்கள் தாமே செய்வதுபோலக் காட்டும் ஒரு நிரலைக் கொண்டு, சில பெண் கேரக்டர்கள் மேல் ஆபாசமான பாலியல் வன்முறையை எழுத்தில் ஏவினான். வெறும் எழுத்துதானே என்று நாம் சொல்லிவிடலாம். அங்கே தினமும் வாழ்ந்தவர்களுக்கு அப்படி இல்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் அழுதுகொண்டே புகாரைத் தட்டினாராம். ஊர்க்கூட்டம் கூடியது. மணிக்கணக்கில் பேச்சு. தண்டனை கொடுக்க யாருக்கு உரிமை, எந்தச் சட்டம், விசாரணை வேண்டாமா... முடிவே இல்லாமல் கூட்டம் கலைந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மந்திரவாதி ஒருவர், கூட்டம் கலைந்த பிறகு, யாரையும் கேட்காமல் தனியாக அந்தக் கேரக்டரை அழித்துவிட்டார்.

அவர் செய்தது சரியா? என்னைக் கேட்டால் முடிவு சரி, முறை தப்பு. ஆனால் முறை என்று ஒன்றை மேலிடம் ஏற்படுத்தியே வைக்கவில்லையே, அந்த மனுஷர் என்ன செய்வார்? கர்டிஸ் திரும்பி வந்து மனு, கையெழுத்து, வாக்கெடுப்பு என்று ஓர் ஏற்பாடு செய்தார். பத்திரிகையாளர் ஜூலியன் டிபல் இந்த விவகாரத்தை 1993 கடைசியில் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் எழுதினார். இணையச் சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். 1996-ல் மந்திரவாதிகள் இன்னோர் அறிவிப்பு போட்டார்கள். சமூகத் தகராறில் தலையிடாமல் இருப்பது என்பது நடக்காத காரியம், இனி தலையிடுவோம் என்று. சாவியை வைத்துக்கொண்டு 'நான் திறக்க மாட்டேன்' என்று சொல்வதும் ஓர் அதிகாரம்தானே.

1997-ல் 'அல்டிமா ஆன்லைன்'. இதில் உடைமையாளர் தரப்பே ராஜா வேடம் கட்டியது. விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட், 'லார்டு பிரிட்டிஷ்' என்ற அரசன். அந்த ஆகஸ்டில், வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தபோது, மக்களுக்குத் தரிசனம் கொடுத்தார். அவருக்குச் சாகா வரம் உண்டு. ஆனால் சர்வர் விழுந்து எழுந்ததில் அந்த வரம் அணைந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை. ரெய்ன்ஸ் என்ற பெயரில் ஆடிய ஒருவர் நெருப்பு மந்திரச் சுருள் ஒன்றை வீச, ராஜா அம்பேல்! உடனே பூதங்களை வரவழைத்துக் கூட்டத்தின் மேல் ஏவினார்கள், நின்றவர்களெல்லாம் காலி. ரெய்ன்ஸை வெளியேற்றினார்கள். விதிமீறல்கள் என்று காரணம் சொன்னார்கள், ராஜாவைக் கொன்றதற்காக இல்லையாம். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

இதைப் படிக்கும்போது நான் உட்கார்ந்திருக்கும் ஊர் ஞாபகத்துக்கு வராமல் இருக்குமா? திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலை ஒரு காலத்தில் 'எட்டரை யோகம்' என்ற சபை நிர்வகித்தது. எட்டுப் பேருக்கு ஆளுக்கொரு ஓட்டு, திருவிதாங்கூர் அரசருக்கு அரை ஓட்டு. அரை! நாட்டுக்கே ராஜா, கோயில் சபையில் பாதி ஆள். 1729-ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா எதிர்த்த பிள்ளைமார்களை ஒடுக்கி, யோகத்தின் பலத்தையும் குறைத்தார். பிறகு 1750 ஜனவரி 3-ம் தேதி வாளைச் சுவாமி முன் வைத்து ராஜ்ஜியத்தையே எழுதிக் கொடுத்தார். திருப்படித்தானம் என்பார்கள். அன்றிலிருந்து அரசர் பத்மநாப தாசன். உடையவர் பெருமாள், நான் வெறும் ஏஜென்ட். பக்திதான், மறுக்கவில்லை. கூடவே கெட்டிக்காரத்தனமும் உண்டு. அதற்குப் பிறகு அரசனை எதிர்த்தால் சாமியையே எதிர்த்த மாதிரி அல்லவா? கேரியட் உடையவர் தரப்பில் இருந்துகொண்டே அரசன் வேடம் போட்டார். மார்த்தாண்ட வர்மா அரசனாக இருந்துகொண்டே உடையவன் நானில்லை என்றார். இரண்டில் எதை எதிர்ப்பது கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அரை ஓட்டு ஏற்பாட்டை அதற்கு முன்னாலேயே யாரோ யோசித்து வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அல்டிமா ஆன்லைனில் இன்னொன்றும் நடந்தது. புதியவர்களுக்கு உதவ 'கவுன்சிலர்' என்ற தொண்டர்களை வைத்திருந்தார்கள். ஷிஃப்ட் உண்டு, விதிமுறை உண்டு, மேலாளர் உண்டு. சம்பளம் மட்டும் கிடையாது. 2000-ல் முன்னாள் கவுன்சிலர்கள் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள், இது வேலை, கூலி கொடு என்று. அதற்கு முந்தைய வருஷமே ஏ.ஓ.எல். தொண்டர்களும் இதே மாதிரி வழக்குப் போட்டிருந்தார்கள். அது 2010-ல் 1.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தைக் கொடுக்காவிட்டால், சிலர் அந்த அதிகாரத்தையே சம்பளமாக எடுத்துக்கொள்வார்கள். இது நம் அரசு அலுவலக வரிசைகளில் நின்றவர்களுக்குப் புதிதல்ல.

மன்னிப்புக் கேட்ட கதையும் ஒன்று உண்டு. 'எவர்குவெஸ்ட்'டில் கெராஃபிர்ம் என்று ஒரு டிராகன். யாராலும் கொல்ல முடியாது என்று கணக்குப் போட்டு வைத்தது. 2003 நவம்பரில் ஒரு சர்வரில், தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்த மூன்று கோஷ்டிகள் சேர்ந்து, ஏறக்குறைய இருநூறு பேர், மணிக்கணக்கில் செத்துச் செத்துப் பிழைத்துச் சண்டை போட்டார்கள். டிராகனின் உயிர் கால்வாசிக்கு வந்தபோது திடீரென்று டிராகனையே காணோம்! நிர்வாகம் எடுத்துவிட்டது. ஒரே கூச்சல். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு மறுவாய்ப்புக் கொடுத்தது, கொன்றும் காட்டினார்கள். 2009-ல் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்'டில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஒருவருடைய திருட்டுப்போன கணக்கை மீட்டுக் கொடுக்கும்போது, ஜி.எம்.-கள் மட்டும் வைத்திருக்க வேண்டிய ஒரு சட்டையையும் தவறிக் கொடுத்துவிட்டார்கள். போட்டால் சுற்றியிருக்கும் எதிரிகள் எல்லாம் சாவு. அது கைக்கு வந்தவர் அதை வைத்துப் பெரிய பெரிய அரக்கர்களைத் தட்டிவிட்டார். கம்பெனி அவரை பேன் பண்ணியது. அநியாயம் என்று பலர் பொங்கினார்கள். பேங்க்காரனாக எனக்கு இதில் சந்தேகமே இல்லை. தவறுதலாக உங்கள் கணக்கில் விழுந்த லட்ச ரூபாயை எடுத்துச் செலவு செய்தால் பேங்க் திருப்பிக் கேட்கும். ஆனால் அனுப்பிய கையையும் கேட்க வேண்டும், அங்கே செக்கர் யார் என்று.

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடியவர்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். சி.சி.பி. என்ற கம்பெனி 2003-ல் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்', விண்வெளியில் கப்பல் கட்டி வியாபாரம் செய்து சண்டை போடும் உலகம். அதில் சில அசல் வரைபடங்கள் தங்கச் சுரங்கத்துக்குச் சமம். 2007-ல் டி20 என்ற பெயரில் ஆடிய கம்பெனி ஊழியர், அந்த வரைபடங்கள் சிலவற்றைத் தானே உருவாக்கித் தன் கூட்டணிக்குக் கொடுத்திருந்தது அம்பலமானது. தன் கணக்கில் தானே என்ட்ரி! விளையாட்டுக் காசுதானே என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் வருஷக்கணக்கில் உழைத்துக் கட்டிய சாம்ராஜ்யங்கள் அதில் மோதிக்கொண்டிருந்தன. கம்பெனி ஊழியர்களைக் கண்காணிக்க உள்துறைத் தணிக்கைப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. அதே வருஷம் ஒரு பொருளாதார நிபுணரையும் வேலைக்கு வைத்தது. 2008-ல் ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு கவுன்சிலையும் அமைத்தது. அந்தக் கவுன்சிலுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, ஆலோசனை சொல்லலாம். அரை ஓட்டு மாதிரிதான், இந்த முறை குடிமக்களுக்கு.

நம் பக்கம் வருவோம். 2000-களின் நடுவில் 'ராக்னராக் ஆன்லைன்' இந்தியாவுக்கு வந்தபோது பிரவுசிங் சென்டர்களில் ஆடிய கூட்டம் ஞாபகம் இருக்கலாம். அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே நடத்தக்கூடிய தனியார் சர்வர்கள் உலகமெங்கும் முளைத்தன. 'இ-அதீனா' என்ற இலவச மென்பொருளில் ஜி.எம்.-களுக்கு 99 வரை படிநிலை. எந்தக் கட்டளைக்கு எந்தப் படி வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதி வைக்கலாம். எங்கள் ஸ்கேல் ஒன், ஸ்கேல் டூ மாதிரியே! ஒரு கட்டளையைத் தட்டினால் எந்த வாளும் கையில் வரும். ஜி.எம். என்ன கட்டளை போட்டார் என்று பதிவேடு வைக்கவும் அதில் வசதி இருந்தது. ஆனால் பல சர்வர்களில் 'நன்கொடை' கொடுத்தவருக்கு நல்ல வாள் என்பதுதான் நடைமுறை. படிநிலை ஃபைலும் பதிவேடும் நன்கொடைப் பெட்டியும் ஒரே ஆள் கையில் இருந்தால் வேறென்ன நடக்கும்?

இப்போது அந்த இடத்தில் ஜி.டி.ஏ. விளையாட்டை மாற்றி அமைத்து ஓட்டும் ஆர்.பி. சர்வர்கள். தமிழிலும் மலையாளத்திலும் பேசி ஆடுகிறார்கள். ஒருத்தன் போலீஸ், ஒருத்தன் மெக்கானிக், ஒருத்தன் ரவுடி. சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா பையன் அப்படி ஒரு சர்வரில் ஆறு மாதம் ஆம்புலன்ஸ் டிரைவராக இருந்தான். ஊர்விட்டு ஊர் போன பிள்ளை. பள்ளிக்கூடத்தில் தமிழ் பேச ஆள் குறைவு. அங்கே மதுரைக்காரனும் கோலாலம்பூர்காரனும் நண்பர்கள். ஒருநாள் ராத்திரி ஒரு கோஷ்டிச் சண்டையில் அடிபட்டவனை முதலில் ஏற்றிக்கொண்டு போனானாம். எதிர்க் கோஷ்டித் தலைவன் வேடத்தில் இருந்தவர்தான் அன்றைக்கு டியூட்டி அட்மின். பத்தே நிமிஷத்தில் பையன் பேன். காரணம் என்ற இடத்தில் 'அட்மின் முடிவே இறுதியானது' என்று ஒரு வரி. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா போனில் சொன்னாள். இவளுக்கு இது 'கேம்'. அவனுக்கு அது தெரு, நண்பர்கள், வேலை.

அப்பீல் எழுத நான்தான் உதவினேன். (பேங்கில் இருபது வருஷம் விளக்கக் கடிதம் எழுதிய கை!) திட்டாமல், கெஞ்சாமல், மூன்றே கேள்வி. எந்த விதியை மீறினேன்? முடிவெடுத்தவர் அந்தச் சண்டையில் ஒரு தரப்பா? பதிவேட்டை வேறு அட்மின் யாராவது பார்த்தார்களா? மூன்று வாரம் கழித்து ஒரு வார்த்தை பதில் இல்லாமல் பேனை மட்டும் நீக்கினார்கள்.

அவன் திரும்பிப் போகவில்லை. நாலு நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒரு சர்வர் போட்டிருக்கிறான். போன வாரம் பேசும்போது கேட்டேன், "அங்க அட்மின் யாருடா?"

"நான்தான் மாமா."

"ஆம்புலன்ஸ்?"

"அதுவும் நான்தான்."